ஆடி கழியட்டும் என்று இரண்டாம் பாகத்தைத் திறக்காமல் இருந்துவிட்டேன்

திருவரங்குளம்,
ஆவணி 9.

அன்பு மகன் சரவணக்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்க எனக்குக் கை வரவில்லை ராசா, உன் சேதி வந்து இருபத்தாறு நாளாகிறது, கூப்பிட்டாலும் நீ போனை எடுப்பதில்லை. உன்கூட வேலை பார்க்கிற நாகராசு அண்ணன் லீவில் வந்தவர், “வேலைக்கு வர்றான், யாருகிட்டயும் பேச மாட்டேங்கிறான், சோறும் சரியா எறங்கல” என்றார். அன்றிலிருந்து எனக்கும் எறங்கவில்லை. நாளைக்கு அவர் தோஹா திரும்புகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கல்யாணம் நின்றதிலிருந்து நீ என்னோடு பேசினதெல்லாம் போனில் நாம் ஆடுகிற அந்தத் தோட்ட விளையாட்டில்தான். ஞாயிற்றுக்கிழமையானால் உன் பொம்மை வந்து என் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும், “சாப்ட்டியாம்மா” என்று எழுத்து வரும், அது போதும் எனக்கு. ஆடி நாலாம் தேதி, “ரெண்டாம் பாகம் வந்திருச்சும்மா, வெளயாடிப் பாத்துட்டுச் சொல்லு, நல்லாயிருந்தா ரெண்டு பேரும் அங்கிட்டுப் போயிருவோம், இல்லேன்னா நான் எல்லாத்தையும் விட்டுர்றேன்” என்று எழுதினாய். அந்த ‘எல்லாத்தையும்’ என்கிற வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். விளையாட்டைத்தானே சொன்னாய்?

நான் பண்ணின கூத்தைக் கேள். திறந்ததுமே, புது வீட்டில் குடியேறுங்கள் என்று கேட்டது. ஆடியில் யாராவது புது வீட்டுக்குக் குடிபோவார்களா? போனில் இருக்கிற வீடுதான், அது எனக்குத் தெரியாதா. ஆனாலும் நாள் பார்க்காமல் உன் நிச்சயத்தை வைத்து நாம் பட்டது போதாதா என்று மூடி வைத்துவிட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பாய் என்று, நீ இரண்டு தடவை கேட்டும் “பாப்போம்ப்பா” என்றே சொல்லிவிட்டேன். “சரி, ஒனக்குப் பிடிக்கல போல” என்று எழுதினாய், அதோடு சரி. பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஆவணி பிறந்ததும் நிஜமாகவே அடுப்பில் பால் காய்ச்சிவிட்டு விளையாட்டுக்குள் போனேன். பக்கத்து வீட்டு இசைவாணிதான் இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள், விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல விளையாட்டுத்தான் தம்பி. எதற்கும் அவசரமில்லை. தச்சு வேலை பிடிக்காவிட்டால் மீன் பிடிக்கப் போகலாம், அதுவும் சலித்தால் சமையல். எத்தனை நாள் கழித்து வந்தாலும் ஏன் வரவில்லை என்று யாரும் திட்டுவதில்லை. என்ன, ஊர்க்காரர்கள் சொன்னதையே சொல்கிறார்கள், வெள்ளரி முதல் பாகத்தைப்போல் சீக்கிரம் காய்ப்பதில்லை. எட்டு நாளாகக் காலையிலும் சாயங்காலமும் போய்ப் பார்க்கிறேன், நீ வரவில்லை. அப்பாகூட, “வந்துட்டானா?” என்று பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்க்கிறார். உன் கல்யாணம் நின்றதில் அவருக்கு உன்மேல் கோபமே கிடையாது, நம்பு.

இரண்டாம் பாகத்துக்குப் போவோமா வேண்டாமா என்று கேட்டாயே, எனக்குத் தெரியவில்லை சாமி. நீ இல்லாமல் ஆடினால் அது வெறும் போன்தான். பிடிக்காவிட்டால் விட்டுவிடு, அந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தாலும் சரி, இங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

சிவன் உன்கூட இருக்கட்டும், நீ நூறு வயது நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை எடு. உன்னால் பேச முடியாவிட்டால் பரவாயில்லை, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டால் போதும், நானே பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ராசாத்தி