இரண்டு பொத்தான்கள்

அன்புள்ள மூத்தவளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மா, நான், வாலு மூவரும் சுகம். நீயும் சுகம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்கிறாய், அதைத்தான் இப்போது என்னால் நம்ப முடியவில்லை. போனில் கேட்கலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், உன் தங்கை வாலு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், இந்த வீட்டில் ரகசியம் பேச வேண்டுமானால் குளியலறைக்குள்தான் போக வேண்டும். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், என்னவோ படியை நான் கட்டியதுபோல. வாலு கணக்கில் தேறிவிட்டாள், அதில் அவளுக்கே ஆச்சரியம்.

என் வேலையை நீ எப்போதும் கேலி செய்வாய். இணையத்தில் வருகிற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது சிறுமிகளுக்கு நல்லதா, அவர்களை வரவேற்கிறதா என்று பார்த்து, வரவேற்கும் அல்லது வரவேற்காது என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொன்னபோது, "இதைப் போய் மீசை வச்ச ஆள்கிட்டயா கேக்கறாங்க" என்று சிரித்தாய். வரவேற்கும் என்று போட்டால்தான் சிறுமிகளின் போனில் அது வரும். ஜன்னல் இல்லாத கூடம், நம் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்லாமல் அடுத்தது வராது, தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தாலும் அதேதான் காத்துக்கொண்டிருக்கும். போன மாதம் ஒருநாள் ஒரு பக்கம் திறந்தது, பார்த்தால் நீ. லிஃப்ட் பழுதுபார்க்கப் போகும் உன் மெக்கானிக் உடுப்பில் லிஃப்டுக்குள் நின்று, நடுவழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்வாயே, அந்த வீடியோ. "கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க, கம்பி அறுந்துல்லாம் விழாது, மணியை அழுத்துங்க, உள்ள இருக்கீங்கன்னு யாருக்காவது தெரிஞ்சாப் போதும்." உன் அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டியதில் எனக்கு அது மனப்பாடம். ஆனால் அவள் போனில் நாங்கள் உன் முகத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஆபீஸில் அதற்குக் கீழே கண்டவர்கள் எழுதியதெல்லாம் விரிந்து கிடந்தது. படித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். இந்த வேலையில் எதையெல்லாமோ பார்த்துத் தோல் தடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன், அன்றுதான் அது பொய் என்று தெரிந்தது.

எங்கள் சட்டப்படி பக்கத்தை முழுதாகத்தான் பார்க்க வேண்டும், கீழே உள்ளதையும் சேர்த்து. வீடியோவில் இருப்பவர் தெரிந்தவர் என்று சொல்லிவிட்டால் அது அடுத்த நாற்காலிக்குப் போய்விடும். அங்கே இருப்பவர் கண்ணாடிக்காரர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மோசமானதையெல்லாம் உரக்கப் படித்துச் சிரிப்பார், "சிரிச்சாத்தான் சார் இங்க உட்கார முடியும்" என்பார். உன்னைப் பற்றி எழுதியதை அந்தக் கூடமே கேட்க வேண்டுமா. எங்கள் மேற்பார்வையாளர் மேடத்திடம் போய், பேசுகிற பெண் நல்லவிதமாகத்தான் பேசுகிறாள், கீழே இருப்பதை மட்டும் எடுத்துவிடலாமே என்று யாரோ ஒருத்திக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அது வேற டீம் சார், நம்மகிட்ட ரெண்டு பொத்தான்தான்" என்றார். திரும்பி வந்தால் நீ பாதி வார்த்தையில் நின்றபடி காத்திருக்கிறாய். வரவேற்கும் என்று போட்டால் நம் வாலுவைப்போல ஒருத்தி ஆசையாக வந்து, கீழே இறங்கி அதையும் படிப்பாள். வரவேற்காது என்று போட்டால் எழுதினவன் எவனும் போக மாட்டான், நீதான் போவாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வரவேற்காது என்று அழுத்தினேன். அடுத்து ஏதோ தலைபின்னும் வீடியோ வந்தது, என் கண்ணில் எதுவும் ஏறவில்லை.

அன்றிலிருந்து வாலுவின் போனில் நீ வருவதில்லை. "அம்மா போன்ல வருது, என் போன்ல வரலப்பா, நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க, கேட்டுச் சொல்லுங்களேன்" என்று தினமும் நச்சரிக்கிறாள். நெட் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அம்மாவின் போனை எடுத்தாலே எனக்குப் பக்கென்கிறது, விரல் கீழே போய்விடுமோ என்று பின்னாலேயே நிற்கிறேன், உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால் கீழே என்ன இருந்தது என்று கேட்பாள், அதையும் சொன்னால் நாளைக்கே புறப்பட்டு வா என்று உன்னை உலுக்கிவிடுவாள். பகல் முழுக்க அந்த நாற்காலி, வீட்டுக்கு வந்தால் இந்தக் கேள்வி, மூச்சு விட இடமில்லை.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அந்த வீடியோவுக்குக் கீழே கிடந்தது ஒரே நாளில் சேர்ந்த குப்பை இல்லை. அத்தனையையும் தனியாகப் படித்துவிட்டு, "சூப்பரா இருக்கேம்ப்பா" என்று எப்படியடி சொன்னாய்? வீடியோ போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போடு என்று சொல்லவும் தைரியம் இல்லை.

லிஃப்டுக்குக் கீழே பள்ளத்தில் இறங்கும்போது மேலே எச்சரிக்கைப் பலகை மாட்டாமல் இறங்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களே அமையட்டும், உன் கைக்கும் வாக்குக்கும் ஒரு குறையும் வராது. நடுவில் மாட்டிக்கொண்டவன் செய்ய வேண்டியதை நீ சொன்னபடியே செய்துவிட்டேன், இந்தக் கடிதம்தான் நான் அழுத்திய மணி. இனி நீ அழுத்து. மதிய இடைவேளையில் வாசலில் போனைத் திருப்பிக் கொடுப்பார்கள், அப்போது நான் மட்டும்தான் இருப்பேன், கூப்பிடு. நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் பதிலுக்காக வாசலில் நிற்கும்
அப்பா