சித்தியின் அமைதியான வீடு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்காலும் எனக்கு வாயும் அடங்கவில்லை என்பதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, நல்லபடியாக இருக்கவேண்டும்.

நீ அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. சித்தியின் வீடியோக்களை எல்லாம் பார்த்தாயாம், “என்ன ஒரு அமைதிம்மா, நானும் வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்து, சின்னச் சின்னதாத் துணி தைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கப் போறேன்” என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அப்பா குளியலறையிலிருந்து முகத்தில் சோப்போடு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஃபோனில் பேசினால் நீ “ஒரு நிமிஷம்மா” என்று போய்விட்டு அடுத்த வாரம்தான் திரும்பி வருவாய். அது போக, இந்த வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும், அந்தப் பக்கம் இப்போது உன் சித்திதான் இருக்கிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பார்த்ததில் பாதி அவள் வீட்டில் எடுத்தது. கடைசியாகப் போட்டவை என் பின்னறையில் எடுத்தவை. அந்த ஜன்னலில் காற்றில் ஆடியதே வெள்ளைத் திரை, அது நம் பழைய படுக்கை விரிப்பு, நடுவில் கிழிந்த இடம் தெரியாமல் மடித்துக் கட்டியிருந்தாள். ஜாடியில் நீ மயங்கிப்போன காய்ந்த புல் கார் நிறுத்துமிடத்துச் சாக்கடை ஓரத்தில் பிடுங்கியது. தையல் மெஷின் என்னுடையது, நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் சீருடைக்கு ஓரம் அடித்த அதே மெஷின். உனக்குத் தெரியும், எனக்குத் தையல் என்றால் ஆகாது, கடைக்காரன் தைத்துக் கொடுப்பது அதைவிட ஆகாது, உன் அப்பாவின் தொந்திக்கு எந்தக் கடையிலும் பைஜாமா கிடையாது, அதனால் தைக்கிறேன். தலையணை உறை, பைஜாமா, எனக்கு நைட்டி, இவ்வளவுதான் என் வித்தை. அதில் எனக்கு என்ன அமைதி கிடைத்தது என்று கேட்டால், பாதித் தையலில் பாபினில் அடிநூல் தீரும்போது என் வாயில் வருவதைக் கடிதத்தில் எழுத முடியாது.

அவள் வந்தது ஒரு மத்தியான வேளை. கையில் ஒரே ஒரு பை. மாற்றுத் துணி இல்லை, பல் தேய்க்கும் பிரஷ் இல்லை, கேமரா வைக்கும் முக்காலியும் வட்ட விளக்கும் வீடியோவில் காட்ட ஒரு கவுனும் மட்டும் இருந்தன. “உன் பின்ரூம்ல வெளிச்சம் நல்லாருக்குக்கா, ரெண்டு நாள் ஷூட் பண்ணிட்டுப் போறேன்” என்றாள். அந்த அறையில் வெளிச்சம் எப்போது நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, பகலிலேயே விளக்கைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியும். ஆனாலும் கூடப் பிறந்தவள் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேள். கொடியில் காய்ந்த அப்பாவின் பனியன் படத்தில் விழுந்துவிடும் என்று அதை எடுக்கச் சொன்னாள், பிறகு அப்பாவே விழுந்துவிடுவார் என்று அவரை மாடிப்படியில் உட்காரச் சொன்னாள். அந்த மனிதர் தன் வீட்டுக்கு வெளியே படிக்கட்டில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மேல்வீட்டுக்காரர்கள் பார்த்து, நான்தான் துரத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கோப்பையில் ஆவி பறக்க வேண்டுமாம், ஆவி அடங்கும்தோறும் வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றும் உத்தியோகம் எனக்கு. எல்லாம் தயாரானதும் மெஷின் முன்னால் உட்காருவாள், துணியைக் குழந்தையைத் தடவுகிற மாதிரித் தடவுவாள், கிசுகிசுவென்று “ஊசி துணிக்குள் இறங்கும்போது நம் மனமும் இறங்குகிறது” என்பாள். எந்த ஸ்டாப்பில் இறங்குகிறது என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஊசியில் நூலே கிடையாது, தெரியுமா உனக்கு? சும்மா மிதிப்பாள், ஊசி வெறும் துணியைக் குத்திக்கொண்டே போகும். பிறகு பையிலிருந்து தைத்து முடித்த கவுன் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பெருமூச்சு விடுவாள். கடையில் வாங்கிய கவுன். கழுத்துப் பட்டியில் கடைப் பெயர் தைத்திருந்த துண்டைக் கத்தரித்துப் போட்டிருந்தாள், அதன் பிசிறு அப்படியே இருந்தது, நீங்கள் யாரும் பார்க்கவில்லை. உன் அப்பா அவளுக்கு “அமைதி அம்மையார்” என்று பெயரே வைத்துவிட்டார். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக இல்லை, இளப்பமாக இருந்தது. கண்டவர்கள் எல்லாம் அவளுக்குக் கீழே இதயப் படம் போடுகிறார்கள், அதில் நீயும் ஒருத்தி.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். ஃபோன் அடித்தால் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுகிறாள், வெளியே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறாள். ரெண்டு நாள் என்றவள் போகிற வழியைக் காணோம், கேட்டால் இன்னும் ஒரு வீடியோ என்கிறாள். ஒரு நாள் அவள் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பா மறந்துபோய் ரேடியோவைத் திருப்பிவிட்டார், செய்தி முழங்கியது. அவள் எழுந்து நின்று அப்படி ஒரு கத்தல் கத்தினாள், நூல்கண்டு டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள், நூலெல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது. அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன், “தொடாதக்கா, எரியுது” என்றாள். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தால், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்து தோல் உரிந்து கிடக்கிறது.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. அவளை வேலையை விடச் சொன்னது உன் சித்தப்பா. லாரி ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்த முரடர்களையெல்லாம் நாக்காலேயே அடக்கி வைத்திருந்தவள், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் சொன்னார் என்று விட்டுவிட்டாள். பிறகு இந்த வீடியோ யோசனையும் அவருடையதுதான். கவுன் வாங்கிவருவது அவர், கடைப் பெயரை வெட்டச் சொல்வது அவர், கேமராவுக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்கி “மெதுவா, மெதுவா, மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வை” என்று சொல்வது அவர். பார்க்கிறவர்கள் கூடக்கூட அவருக்குப் பேராசையும் கூடியது. தன் டயர் கடைக்குப் போகும்போது, சாயங்காலத்துக்குள் இதை முடித்துவை என்று சொல்லி, வாசற்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். நீ உட்கார்ந்து ரசித்த அந்த அமைதி இதுதான். பூட்டிய வீட்டில் சத்தம் எங்கிருந்து வரும்?

அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு நாள்தான் ஆவி பறப்பதற்காகக் கொதிக்கவைத்த தண்ணீர் கையில் கவிழ்ந்திருக்கிறது. மருந்துக் கடை எதிர் வரிசையில், இவளோ உள்ளே. அவருக்கு ஃபோன் செய்தால், முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, வீடியோ முடிச்சிட்டியா?” என்றாராம். கீழ்வீட்டில் ஒரு தச்சர் இருக்கிறார், ஜன்னல் வழியாக அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து பூட்டைக் கழற்றி விட்டிருக்கிறார். அப்படி வந்தவள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், கிடைத்தது அந்த முக்காலியும் விளக்கும் கவுனும். இங்கே வந்தும் ஏன்டி அந்தப் படத்தை எடுத்துத் தொலைத்தாய் என்று கேட்டேன். “நிறுத்திட்டா அவர் வந்துடுவாருக்கா. அதுவும் இல்லாம, இத்தனை பேர் என்னைப் பார்த்து நிம்மதியா இருக்காங்க, அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அடிப்பதா, அவரை அடிப்பதா, இதயப் படம் போட்டவர்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து அடிப்பதா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன், தழும்பு இருக்கும் என்றார், இப்போது கை ஆறிவிட்டது. முக்காலியைப் பரணில் போட்டேன். சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று, ஊசியில் நூல் கோர்ப்பதிலிருந்து ஆரம்பித்தேன். இத்தனை பேருக்குத் தையலின் மகிமையை ஓதியவளுக்கு பாபின் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை. தலையணை உறை தைக்கச் சொன்னால் நான்கு பக்கமும் அடித்து மூடிவிட்டாள், தலையணை எந்த வழியாகப் போகும் என்றால் முழிக்கிறாள். பிறகு அப்பாவுக்கு ஒரு பைஜாமா. இரண்டு கால்களில் ஒன்றை அடியில் சேர்த்துத் தைத்துவிட்டாள், அது தெரியாமல் அவர் காலை விட்டு, ஒற்றைக் காலில் குதித்துக் கதவைப் பிடித்து, “யாரும்மா இதைத் தச்சது, என்னை ஓட்டப் பந்தயத்துக்கா அனுப்பற?” என்று கத்தினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளுடைய பழைய சிரிப்பு, காது கிழிகிற மாதிரி, கேமராவுக்குப் பிடிக்காத சிரிப்பு. மறுநாள் உட்கார்ந்து அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அப்போது அவள் மூச்சுகூடக் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

போன வாரம் சித்தப்பா வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் பழப் பை, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு சோகம். நாற்காலியில் உட்கார்ந்து, “அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லக்கா, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்” என்று என்னிடமே சொல்கிறார். இப்படியே வீடியோ வராமல் போனால் பார்க்கிறவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்களாம், அவளுடைய நல்லதுக்குத்தான் சொல்கிறாராம். பொண்டாட்டியின் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பழப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பழங்களாவது ஏதாவது கேட்கும் என்று. சித்தி அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னறை வாசலில் வந்து நின்றாள். “கிளம்பு, போலாம்” என்றார். “நான் வரலை. எனக்கு வேலை இருக்கு” என்றாள். உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்து மிதித்தாள் பார், அந்தப் பழைய மெஷின் போடும் சத்தம் உனக்குத் தெரியுமே, தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி. அவர் பேசுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. குரலை உயர்த்தினார், அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். கடைசியில் மனிதர் எழுந்து நின்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்த, மேல்வீட்டுக் கதவு திறந்து, எதிர்வீட்டுக் கதவு திறந்து, எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். அப்போது உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “மெதுவா, மெதுவா, மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வைங்க சகலை” என்றார். சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. போகும்போது பழப் பையையும் எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவு பெரிய மனசு.

இப்போது அவள் பழைய லாரி ஆபீஸுக்கே திரும்பப் போகிறாள். முதல் நாள் தானே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள், ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி, பார்க்கச் சகிக்கவில்லை, நான் சொல்லவில்லை, அப்பா சொல்லிவிட்டார். அதற்கு அவள் அரைக்கையில் தழும்பு தெரிய அவர் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்தால் கொஞ்ச நேரம் மெஷினில் உட்காருகிறாள். பிரிந்துவிடுவதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும், என் தங்கை என்னோடு இருக்கிறாள் என்று சொல்கிறேன், அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது?

இனி உன் விஷயம். உன் மேலதிகாரி கழுதை என்றால் அதற்காக வேலையை விடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உடம்பு அசந்துவிட்டது என்றால் லீவு போட்டுத் தூங்கு. தைக்க ஆசை என்றால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தை, முதலில் ஊசி குத்தி ரத்தம் வரட்டும், அப்புறம் அமைதியைப் பற்றிப் பேசலாம். ஆனால் நீ அனுப்பிய செய்தியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது, “அவரும் அதுதான் நல்லதுன்னு சொல்றார்” என்று. அந்த வரியைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும், உன் சித்தப்பாவையும் நாங்கள் நல்லவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். முதலில் தோன்றியது உனக்கா, முதலில் சொன்னது அவரா, அதை மட்டும் யோசித்துப் பார். யோசிப்பதற்கு நேரம் எடுத்துக்கொள். உனக்குத்தான் தோன்றியது என்றால் என் கோபத்தைக் குப்பையில் போட்டுவிட்டு உன் இஷ்டப்படி செய்.

இல்லை என்றால், எனக்கு விளக்கம் எழுதவேண்டாம், டிக்கெட் போட்டுவிட்டு எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் சொல். பின்னறையில் சித்திக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது, அப்பா அளந்து பார்த்துவிட்டார்.

எங்கிருந்தாலும் தலை நிமிர்ந்து, வயிறு நிறைந்து, வாய் விட்டுச் சிரித்து, நீண்ட நாள் நன்றாக இரு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி.

உன் நல்லதையே நினைக்கும், கோபக்கார
அம்மா