இடது கையின் குற்றம்

போஹோல் தீவின் பேரரசி நெனித்தாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? செபுவில் உன் தளபதி நலம்.

ஞாயிற்றுக்கிழமை கம்புச் சண்டையில் எங்கள் பட்டறைச் சமையல்காரி புரிதாவோடு மோதினேன். நான் பிரம்பு சுழற்றிய காற்றில் துறைமுகக் கப்பல்களே ஆடின. அவளோ வெறும் இடது கையால் அதைப் பிடுங்கிவிட்டாள்; தடுக்க வேண்டிய என் இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, இடது கைய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பிடுங்கியவருக்கே பிரம்பு சொந்தம், இங்கே அதுதான் வழக்கம். போனது நீ என் பெயரைச் சூடு போட்டுப் பொறித்துக் கொடுத்த பிரம்பு.

கெஞ்சினேன். "அடுத்த ஞாயிறு ஜெயிச்சு வாங்கிக்கோங்க" என்கிறாள்.

மணிக்கட்டு வீக்கம் பூசணிக்காய் அளவுதான், கவலைப்படாதே. தேங்காய் எண்ணெய் ஒரு புட்டி வேண்டும். இடது கையைத் திட்ட மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் உன் கையைப் பிடித்தே நடந்தது, சண்டை எங்கே பழகும்? சனிக்கிழமைப் படகில் எண்ணெயை நீயே கொண்டு வாயேன். பிரம்பை மீட்டுவிடுவேன்.

சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

தியோதுலோ