வெள்ளானூர் ஸ்பீக்கரும் சிகரெட் நாற்றமும்

மார்ச் 3, செவ்வாய்

நேற்று வெள்ளானூரில் கஜபதி என்பவரிடம் வாங்கிய பழைய ஸ்பீக்கர் ஜோடி பற்றி இனி எழுத வேண்டியவை:

1. மரப்பெட்டி: மஞ்சள் கறையைத் துடைப்பது.
2. முகப்புத் துணி: கழற்றி ஊறவைப்பது.
3. உள்ளே அடைத்த பஞ்சு: மாற்றுவது. நாற்றத்தின் தலைமையகம் அதுதான்.
4. இந்த வீட்டில் என் பக்கம் ஒரு ரசிகர் இருக்கிறார்: மருமகன் அலெக்ஸ்.
5. கெடு: மார்ச் 20.

ஐந்தாவது, என் மனைவி ஞானகுமாரி விதித்தது. அன்று எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால ஜெபக்கூட்டம். "பதினைஞ்சு பேர் வருவாங்க. சிகரெட் நாத்தம் அடிச்சா உங்களைத்தான் சந்தேகப்படுவாங்க. அதுக்குள்ள போகலைன்னா பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுவேன்" என்றாள்.

அறுபத்தொன்பது வயதில், யாரையும் கேட்காமல் நான் வாங்கிய முதல் பொருள் இது. கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

கஜபதியிடம் வாடையைப் பற்றிப் பட்டும் படாமலும் கேட்டேன். "வாசனையா? இன்னா சார், இந்த ரூமே அப்டித்தான் கீது. உன் ஊட்டுக்கு எடுத்துகினு போ, தானா பூடும்." சொல்லும்போதும் அவர் வாயில் சிகரெட். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி?

மார்ச் 5, வியாழன்

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, நன்றாகப் பிழிந்த துணி. மூன்றாவது துணிவரை டீ நிறத்தில் வழிந்தது. ஒலி எழுப்பும் காகிதக் கூம்புகளில் ஈரம் படக்கூடாது. அவற்றுக்கு உலர்ந்த பிரஷ் மட்டும்.

ஞானகுமாரி வாளியை எட்டிப் பார்த்தாள். "இது ஒரு மனுஷனோட நுரையீரல்ங்க."

மகள் ரெனிதாவும் அலெக்ஸும் ஜனவரியிலிருந்து எங்களோடு இருக்கிறார்கள். அவள் ஆபீஸ் போகிறாள். அவருக்கு எங்கள் ஹால்தான் ஆபீஸ். "சூப்பர் பீஸ் மாமா. அத்தை சொல்றாங்கன்னு குடுத்துடாதீங்க" என்றார். எவ்வளவு நுட்பமான பிள்ளை. இன்னும் ஒரு பாட்டுகூட நான் போட்டுக் காட்டவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அம்பத்தூர் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் தரச் சோதனை பார்த்தவன். வியாழனன்றே நாற்றத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் முறை வகுத்தேன். கருவி: ஞானகுமாரியின் மூக்கு. என் மூக்கின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

வியாழன் 4. வெள்ளி 4. சனி 1. ஞாயிறு 1.

முகப்புத் துணியை வெள்ளியன்று துவைத்ததன் பலன். (மகளும் மருமகனும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டுப்பாக்கம் போயிருந்ததால் வீட்டில் சத்தம் இல்லை, நிதானமாக முகர முடிந்தது.)

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி 4. ஈரப்பதமாக இருக்கலாம். ஈரப்பதம் பற்றி இரண்டு பக்கம் எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

பெட்டியைத் திறந்து பழைய பஞ்சை எடுத்தேன். நரைத்த தாடி பழுத்த மாதிரி நிறம். மெத்தைக் கடையில் புதுப் பஞ்சு வாங்கி அடைத்தேன். மூடியபின் ஒரு திருகு மிஞ்சியது. எதனுடையது என்று தெரியவில்லை. சத்தம் நன்றாக இருப்பதால் விசாரிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

4.

மார்ச் 16, திங்கள்

கடைசி வைத்தியம். இரண்டையும் மொட்டைமாடி அறைக்குத் தூக்கிச் சென்று, கெட்டியான பிளாஸ்டிக் பையில் அடுப்புக் கரியோடு போட்டுக் கட்டினேன். படிக்கு ஒரு மூச்சு. யாரிடமும் சொல்லவில்லை, அங்கேயே கிடக்கட்டும் என்று ஞானகுமாரி சொல்லிவிடுவாளே. ஹால் ஸ்டாண்டுகளில் இரண்டு காலி அட்டைப்பெட்டிகளை வைத்துப் பழைய போர்வையால் மூடினேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஞானகுமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போர்வைக்கு நாலடி தள்ளி நின்றாள். "அஞ்சு. உங்க சோப்பு, பஞ்சு எல்லாம் தண்டம்."

அலெக்ஸ் பக்கத்தில் வந்து முகர்ந்தார். "லைட்டா ஸ்பீக்கர்லேர்ந்துதான் வருது மாமா. பழகிடும்."

காலி அட்டைப்பெட்டிக்கு ஐந்து மதிப்பெண். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஞானகுமாரி கடைக்குப் போயிருந்தாள். ஹாலுக்குள் போனேன். அலெக்ஸ் காதில் ஹெட்செட், ஜன்னல் கம்பிக்கு வெளியே கை, கையில் சிகரெட். என்னைப் பார்த்தார். "மன்னிக்கணும்" என்றேன் — நான்!

"மாமா, ரெனிதாவுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடியே உட்டாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். முன்னல்லாம் டீக்கடைக்குத்தான் போவேன். இது வந்தப்புறம்..."

"பழியை ஸ்பீக்கர்மேல போட்டுட்டீங்க."

"சாரி மாமா."

ஈரப்பதமாம். இரண்டு பக்கம் எழுதினேனே, முட்டாள்.

மார்ச் 18, புதன்

சொன்னால் ஸ்பீக்கர் பிழைக்கும், மகளுக்குக் கண்ணீர். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பழைய சாமான்காரன். நேரில் பேசத் தைரியம் வராததால் ஒரு சீட்டு எழுதி அலெக்ஸின் லேப்டாப்புக்குள் வைத்தேன்: "இருபதாம் தேதி மதிப்பெண் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் உண்மைக் காரணத்தை நான் சொல்ல நேரிடும்." மிரட்டல் மாதிரி இருந்தது. கீழே "அன்புடன்" என்று சேர்த்தேன். அதற்குப் பிறகு இன்னும் மோசமாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

மதிப்பெண் 1. ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கினேன். ஞானகுமாரியிடம் கரி வைத்தியத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

0.

பதினேழு பேர் வந்தார்கள். பாமாலை இரண்டு இதில்தான் போட்டார்கள். "இவர் கெமிஸ்ட்ரி படிச்சவருங்க. கரியை வெச்சே எடுத்துட்டார்" என்று ஞானகுமாரி நாலு பேரிடம் சொன்னாள். அலெக்ஸ் காபி டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாராட்டை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

அலெக்ஸ் மறுபடி டீக்கடைக்குப் போகிறார். தினமும் மூன்று முறை, "வாக்கிங்".

இன்று காலை ஞானகுமாரி இருக்கும்போதே ஆரம்பித்தார். "மாமா, இந்த ஸ்பீக்கர் ரொம்ப இடத்தை அடைக்குது. குடுத்துட்டா என் டேபிளை ஜன்னலோரம் போட்டுக்கலாம். சவுண்டும் ஒண்ணும் பெருசா இல்ல."

இப்படிப்பட்ட நேரத்தில் நான் "பார்க்கலாம்" என்பேன். முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் அதற்குச் சரி என்றுதான் பொருள். ஞானகுமாரியும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"முடியாது மாப்பிள்ளை" என்றேன்.

அலெக்ஸ் ஏதோ சொல்ல வந்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். ஞானகுமாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவர்தான் முடியாதுங்கறாரே, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 3-இல் எழுதிய நான்காவது குறிப்பில் ரசிகரின் பெயர் தவறு.