வைப்பரும் வீட்டுக்காரரும்

மார்ச் 4, செவ்வாய், விழுப்புரம்

காலையில் தெருவில் குனிந்த தலை நிமிராமல் நடந்தார் என் வீட்டுக்காரர் ராஜாங்கம். பொறுக்கியது இரண்டு ஆணி, ஒரு சோடா மூடி, கொஞ்சம் பொடிக்கல். விமானப்படைப் பழக்கம்: பறக்கும் முன் எல்லோரும் வரிசையாக நடந்து ஓடுபாதையில் கிடப்பதைப் பொறுக்கவேண்டும், ஒரு கல் உள்ளே போனாலும் ஜெட் எஞ்சின் காலி.

"இன்னா யக்கா, சாரு பழைய இரும்பு யாவாரம் ஆரம்பிச்சிட்டாரா?" என்றாள் எதிர்வீட்டு காசியம்மாள். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு நடை திரும்பியது; நாக்குத்தான் குழறுகிறது. அந்த வெட்கத்தில் வாயையே மூடிக்கொண்டார். பட்டிமன்றத்தில் மைக்கை விடாதவளுக்கு இப்படி ஒரு ஊமை நடுவர்!

மார்ச் 9, ஞாயிறு

திண்டிவனம் கல்லூரியிலிருந்து பேராசிரியை அஸ்வினி வந்தாள். சார் வேலை செய்த எஞ்சினின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லவேண்டுமாம். மாட்டேன் என்று தலையாட்டினார். கடைசியில், அவர் எழுத நான் படிப்பதாக ஒப்பந்தம். இப்படியே விட்டால் பேச்சு போயே போய்விடும் என்கிறார் டாக்டர்.

மார்ச் 13

எழுதுகிறார். 'வைப்பர்' என்று பேராம். வெள்ளைக்காரன் செய்த குட்டி எஞ்சின். ஜிண்டிவிக் என்ற ஆளில்லா விமானத்துக்கு — திண்டிவனத்துக்குப் பங்காளியோ? — அதைப் பறக்கவிட்டு, சுட்டுப் பழகுவார்களாம். பத்து மணி நேரம் ஓடினால் போதும் என்று செய்தது. அப்புறம் ஆயுளைக் கூட்டி, பெங்களூரில் தயாரித்து, கிரண் பயிற்சி விமானத்தில் மாட்டி, தலைமுறை தலைமுறையாக விமானிகள் பழகினார்கள். பீதர் விமானத்தளத்தில் இருந்தபோது என் கையைவிட அதைத்தான் இவர் அதிகம் பிடித்திருக்கிறார். சக்களத்தி சரித்திரத்துக்கு நான் ஒத்தாசை!

மார்ச் 20, வியாழன்

கல்லூரி மேடையில் படித்தேன். பிள்ளைகள் போனை நோண்டினார்கள். பொறுக்குமா எனக்கு? "பத்தே மணி நேரம்! எங்க வீட்டு மிக்ஸி தேவலாம், அவ்ளோ மட்டமான எஞ்சின்!" என்று சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன். சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் என் முந்தானையை இழுத்தார். நான் இன்னொரு போடு போட்டேன்.

எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "மட்... மட்டம் இல்ல." வாய் கோணி எச்சில் வழிந்தது. துடைக்கவில்லை. "சுட்டு... விழப்போறதுக்கு நூறு வருசம் எதுக்கு? கேட்ட அளவுக்குச் செஞ்சான். அப்புறம் அதிகமா கேட்டாங்க... குடுத்துச்சு."

முன்வரிசைப் பெண் எழுந்து, "ஆயுள எப்படி சார் கூட்டினாங்க?" என்றாள். அவ்வளவுதான். குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டே போனார். மைக் எனக்குத் திரும்ப வரவேயில்லை.

"வேணும்னுதானே மேடம் சீண்டினீங்க?" என்று கையைக் குலுக்கினாள் அஸ்வினி. நான் மர்மமாகச் சிரித்துவைத்தேன். வேணும்னா? கைதட்டலுக்கு அலைஞ்சேன், அவ்ளோதான். அவர் எப்படித் தவிச்சிருப்பார்... சீ, என்ன வாய் இது!

மார்ச் 24

சிலிண்டர் வரவில்லை. அவரே கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டார்.

"புரியல சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றது மறுமுனை.

இன்னொரு வாட்டி சொன்னார். மறுபடியும் புரியவில்லை. மறுபடியும் சொன்னார்.

நான் போனை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.