திக்காமல் பேசிய மகன்

ஹனூர்
சித்தார்த்தி வருஷம் கார்த்திகை 3 (1919)

கௌரம்மா அம்மிணிக்கு மாமன் சென்னிமலை எழுதிக்கொள்வது.

நானும் உன் அத்தையும் மாடு கன்றுகளும் மாதேஸ்வரன் புண்ணியத்தில் இருக்கிறோம். மைசூரில் நீயும் உன் அண்ணன் லிங்கப்பனும் சுகம்தானே? ஆஸ்பத்திரி வேலை என்று ஓடி ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ராகி அறுப்பு முடிந்தது. மைசூர் வரும் வண்டிக்காரர் தொட்டையனிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்.

ஒரு விஷயம். கோபப்படாமல் படி. சண்டை முடிந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. கடல் தாண்டிப் பஸ்ராவுக்குப் போன பட்டாளத்து ஆட்களில் பிழைத்தவர்கள் எல்லாம் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். கோவேறு கழுதை ஓட்டப் போன நம் பிள்ளை கெம்பையனைப் பற்றி மட்டும் இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை. உன் அத்தை களி உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். வெசனத்தில் பாதி உடம்பு ஆகிவிட்டாள். நஞ்சன்கூட்டில் மாதேவி என்று ஒருத்தி, இறந்தவர்களைத் தன் மேல் வரவழைத்துப் பேசவைப்பாள் என்று கேள்விப்பட்டேன். வண்டி கட்டிக்கொண்டு போய் வந்தோம்.

அவள் ஈரச் சேலையோடு விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். கெம்பையனின் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சித்த நேரம் ஆடினாள். அப்புறம் ஆண் குரலில், "அம்மா, கப்பல்ல காய்ச்சல் கண்டு போயிட்டேன். வலி ஒண்ணும் தெரியல. இங்க எனக்கொரு குறையுமில்ல. நீ எதுக்கு இப்படிப் பட்டினி கெடக்கற? எந்திரிச்சுச் சோறு தின்னு" என்றான். மடமடவென்று, ஒரு சொல் திக்காமல்!

பேச ஆரம்பித்த நாளிலிருந்து திக்கின பிள்ளை அவன். ஊர்ப் பையன்கள் கேலி செய்து அழவைத்த பிள்ளை. அவன் நாக்குக்காக உன் அத்தை வேண்டிக்கொள்ளாத கோயில் இந்தச் சீமையில் இல்லை. "கேட்டீங்களா, எம்பையன் திக்காமப் பேசறான்! சாமி அவனுக்கு நாக்கைக் குடுத்துருச்சுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஊர் வந்ததும் கேட்டு வாங்கிக் களி தின்றாள். நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கருமாதி செய்யச் சொல்லி என்னிடமும் அவன் கேட்டான். மாசி அமாவாசைக்கு வைத்திருக்கிறோம். நீ வர வேண்டும். தாலி விஷயம் எழுதக் கை வரவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே, அம்மிணி.

இப்படிக்கு,
சென்னிமலை


லஷ்கர் மொகல்லா, மைசூர்
28-11-1919

அன்புள்ள மாமாவுக்கு, கௌரம்மா வணக்கம் சொல்லி எழுதுவது.

ராகி மூட்டை வந்தது. இங்கே கடையில் வாங்கும் மாவில் களி கிண்டினால் அண்ணன் முகத்தைச் சுளிப்பார். இப்போது வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறார்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நஞ்சன்கூடு வரைக்கும் வந்தவர்களுக்கு ரயிலேறி மைசூருக்கு வந்து என்னை எட்டிப் பார்க்க முடியாமலா போயிற்று? என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதானே அப்படியே திரும்பினீர்கள்?

அத்தை சாப்பிடுகிறார்கள் என்று படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்காக அந்த மாதேவிக்கு ஒரு கும்பிடு. ஆனால் மாமா, நான் வர மாட்டேன். தாலியைக் கழற்றவும் மாட்டேன்.

பட்டாளத்து ஆபீசுக்கு வாராவாரம் போகிறேன். அங்கே இருக்கும் குமாஸ்தா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "சுத்தி பந்தில்லம்மா, செய்தி ஒண்ணும் வரல" என்று கையை விரிப்பார். செய்தி வரவில்லை என்றால் செய்தி வரவில்லை, அவ்வளவுதான். உயிர் போய்விட்டது என்று அவரே சொல்லவில்லை. நாம் ஏன் சொல்ல வேண்டும்? உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பிண்டம் வைத்துக் காக்கையைக் கூப்பிடச் சொல்கிறீர்களா?

திக்காமல் பேசினார் என்கிறீர்கள். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. திக்காத மனிதரை எனக்குத் தெரியாது. என் பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார். அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் நான் எதிரில் போய் நின்றிருப்பேன். ரொம்பவும் தடுக்கினால் என் முந்தானையைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுப்பார். இழுத்ததும் சொல் வந்துவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமனாருக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு வழியில்லாமல் உங்கள் ஒருவருக்கு எழுதுகிறேன். அந்த மனிதர் வந்து பேசட்டும், நம்புகிறேன்.

தங்கள் மருமகள்,
கௌரம்மா


ஹனூர்
மார்கழி 2

கௌரம்மாவுக்கு,

உன் கடிதம் கண்டதும் மனசு பொக்கென்று ஆகிவிட்டது. நீ படித்தவள், எழுத்தில் உன்னோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. ஆனால் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவன் நான்தானே? நேற்று மாரிசாமிப் பங்காளி சந்தையில் நாலு பேர் கேட்க, "செத்தவனே வந்து பேசிட்டுப் போயிட்டான். மருமவ இன்னும் பூவும் பொட்டுமா மைசூர்ல நடமாடறாளாமே?" என்கிறான். சட்டையைப் பிடித்திருப்பேன். வயசு தடுத்தது.

சரி, உன் பேச்சுக்கே வருகிறேன். மார்கழிக் கடைசி வெள்ளியன்று மறுபடி நஞ்சன்கூடு போகிறோம். நீயும் வா. உன் காதால் கேள். கேட்ட பிறகும் அவன் இல்லை என்று நீ சொன்னால், பங்காளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னிடம் தாலிப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஆனால் அவன்தான் என்று உன் மனசுக்குப் பட்டால் முறைப்படி நடக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் வா. வருகிறேன், வரவில்லை என்று கடிதம் போட வேண்டாம், ரயிலில் வந்து இறங்கினால் போதும்.

உன் அத்தை உனக்குக் கம்பு வறுத்து வைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். பாட்டுக்கூடப் பாடுகிறாள்.

சென்னிமலை


மைசூர்
20-1-1920

மாமாவுக்கு,

நஞ்சன்கூட்டில் அத்தை முன்னால் எதுவும் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். ஆறட்டும் என்று இத்தனை நாள் பொறுத்தேன். ஆறவில்லை.

மாதேவி ஆடி முடித்து, "க... க... க..." என்று தடுக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "கௌரம்மா" என்றாள். நான் "என்னங்க" என்று சொல்லிவிட்டேன் மாமா! அந்த நிமிஷம் அவர் செத்துப்போனார். பஸ்ராவில் இல்லை, கப்பலில் இல்லை, அந்தத் தரையில், என் கண் முன்னால். என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். அறையில் இருந்த எல்லோரும் மாதேவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நம்பிவிட்டாளா இல்லையா என்று. முந்தானை விஷயம் எனக்கும் உங்கள் மகனுக்கும் தெரியும். மூன்றாவதாக நான் எழுதியது உங்களுக்குத்தான். எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்திருக்கிறீர்களே, உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, நான் தாங்கிக்கொள்வேன். அத்தை? "ஐயோ, செத்தும் எம்பையனுக்கு அது போகலியா! அங்கயும் அவனைக் கேலி பண்றாங்களா!" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதார்களே, அதைத் தடுக்க உங்களால் முடிந்ததா? பாடிக்கொண்டிருந்தவர்களை மறுபடி அழவைத்துவிட்டீர்கள். திக்காமல் பேசிய மகனைக் கொண்டு அவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். என்னை வளைப்பதற்காக அந்த மகனை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

கேட்டுவிட்டு வந்து சொல் என்றீர்கள். சொல்கிறேன். அது அவர் இல்லை. கொடுத்த வாக்குப்படி பங்காளிகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌரம்மா


ஹனூர்
தை 18

அம்மிணிக்கு,

நீ எழுதினதெல்லாம் சரி. முந்தின நாளே தனியாக மாதேவி வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சின்ன வயசில் நீ வாசலைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளப் போகிறாயே, ஒரு முடிவு தெரிந்தால் அழுது தீர்த்துவிட்டு உன் வழியைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை, கெட்டுப்போன புத்தி. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதற்கு இது நேரமில்லை.

உன் அத்தை படுத்துவிட்டாள். கஞ்சியை வாயில் ஊற்றினால் வெளியே வழிகிறது. "அவனுக்கு அங்க தண்ணி யாரு குடுப்பா? தண்ணீன்னு அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள குடுக்கறவங்க நகந்து போயிருவாங்களே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள். நான் செய்த வேலையை அவள் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நம்ப மாட்டேன் என்கிறாள். "என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றீங்க. கௌரம்மா அவன்கூட வாழ்ந்தவ. அவ சொல்லட்டும்" என்கிறாள்.

நீ ஒரு கடிதம் எழுது. நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். முதல் தடவை வந்தவன்தான் கெம்பையன், பின்னால் வந்தது இல்லை என்று எழுது. அப்படி எழுதினால் அவன் போய்விட்டான் என்று உன் கையால் நீயே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னிடம் இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், சாமி. அவள் இந்த மாசம் தாண்ட மாட்டாள் போலிருக்கிறது.

சென்னிமலை


மைசூர்
9-2-1920

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் கௌரம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது. மாமா நிறுத்தி நிதானமாகப் படிப்பார்கள், படுத்துக்கொண்டே கேளுங்கள்.

மாமா சொன்னது நிஜம். இரண்டாம் தடவை நாம் பார்த்தது உங்கள் மகன் இல்லவே இல்லை. அவர் என் முந்தானையை இழுத்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது. அந்த மாதேவி இழுத்த இழுப்பில் புடவையே தோளை விட்டு வந்துவிட்டது, நீங்களும் பார்த்தீர்களே! உங்கள் மகனுக்கு அவ்வளவு முரட்டுக் கையா?

முதலில் வந்தவர்தான் அவர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், "எந்திரிச்சுச் சோறு தின்னு" என்றாராமே. பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று நீங்கள் அழுதுகொண்டு அடுப்படியிலேயே இருந்துவிட்டீர்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் உங்களிடம் அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தார். சொல் தடுக்கி நின்றுவிட்டது. வெளியே வண்டிக்காரர் சத்தம் போட்டார், போய்விட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்றைக்குச் சொல்ல முடியாததைச் சொல்லி முடித்துவிட்டுப் போகத்தான் நஞ்சன்கூட்டுக்கு வந்திருக்கிறார்.

இப்போது அவர் நாக்கு நன்றாக ஆகிவிட்டது அத்தை. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்று கேட்பார், உடனே கொடுப்பார்கள். அவரைக் கேலி செய்ய அங்கே ஒருவரும் இல்லை. இதை நான் நம்புகிறேன். அண்ணனோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போய்க் காவிரியில் முழுகி, தாலியை ஆற்றில் விட்டுவிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வந்தேன். நான் நம்பவில்லையென்றால் இதைச் செய்திருப்பேனா?

எழுந்து உட்காருங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து உங்களிடம் அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஒரு வாய் களி தின்றீர்கள் என்று மாமா கையால் எனக்குக் கடிதம் வர வேண்டும். வந்தால்தான் நான் இங்கே சாப்பிடுவேன்.

உங்கள் மருமகள்,
கௌரம்மா

மாமா, இங்கே நிறுத்திவிடுங்கள். இதற்குக் கீழே இருப்பது உங்களுக்கு மட்டும்.

தாலி என் கழுத்தில்தான் இருக்கிறது. ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறேன். காவிரிப் பக்கமே நான் போகவில்லை. புதன்கிழமை வழக்கம்போலப் பட்டாளத்து ஆபீசுக்குப் போவேன். மாசி அமாவாசைக் கருமாதி வேண்டாம். எல்லாம் ஆற்றங்கரையிலேயே முடிந்துவிட்டது என்று பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள். பொய் சொல்ல உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. அத்தையைப் பார்க்க வரும்போது வெறும் நெற்றியோடு வருகிறேன். உங்கள் மகனுக்கு நான் பொட்டு வைத்திருப்பதும் வைக்காததும் ஒன்றுதான், எப்படி இருந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பார்.

உங்கள் மேல் இருக்கும் கோபம் போகவில்லை. அத்தையிடம் உண்மையைச் சொன்னீர்களே, அதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள். ஒருநாள் உங்கள் மகன் வாசலில் வந்து நின்று, "அ... அ... அம்மா" என்று கூப்பிடுவார். அப்போது அத்தையிடம் என்ன சொல்லப் போகிறீர்களோ, எனக்குத் தெரியாது. அது உங்கள் பாடு.

கௌ.