குளத்து வேலியில் உலர்த்திய துணி

மாடம்பாக்கம்
நவம்பர், ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மத்தியானம்

அன்புள்ள ஏஞ்சல் அக்காவுக்கு,

இதனால் பெர்த் நகரில் வாழும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மாடம்பாக்கம் யேசுதாசன் இல்லத்துத் துணிக்கொடியானது இன்று முதல் மொட்டைமாடிக்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது. விழாவில் அப்பா ஆணி அடித்தார், நான் ஆணி பிடித்தேன், கடைசியில் அடியைப் பிடித்தது என் கட்டைவிரல். சிறப்பு விருந்தினர்களாக இரண்டு காக்கைகள் வந்திருந்தன. இந்த இடத்தில் அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, விளையாட்டு போதும் ஒழுங்கா எழுதுடா என்கிறாள். எழுதுகிறேன். அக்கா, இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். அவள் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் கை மட்டும் என்னுடையது. நடுவில் நான் புகுந்தால் உனக்கே தெரியும். எலியேசர் என்ற நல்ல பெயரை எலி என்று சுருக்கியது நீ, புகுந்த பிறகு கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீயும் டேனியல் மாமாவும் ஆரோன் குட்டியும் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் முழங்காலில் நிற்கிறாள். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதப்போனேன், நிறுத்தி, உயிரோடு இருக்கிறோம், அதற்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஒன்றுமில்லைம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை வழுக்கி விழுந்துட்டா, இப்ப சரியாயிட்டா என்று முடித்துவிடுகிறார். அம்மா பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் அம்மா அழுகிறாள், கடைசியில் யாரும் எதையும் சொன்னதாக ஆகவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆரோனைக் கூட்டி வருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நீ. அவளுக்கு முழுசும் தெரியணும், ஒன்றையும் மறைக்காதே என்று அம்மாவின் உத்தரவு.

வேலி இல்லாத நீச்சல் குளம் இருக்கும் வீட்டுக்கு என் பிள்ளையைக் கொண்டு வரமாட்டேன் என்று நீ சொன்னது ஆகஸ்டில். அப்பாவுக்கு அது எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியாது. பஹ்ரைனில் வெயிலில் நின்றபோதெல்லாம் அவர் மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தது இந்தக் குளத்தைத்தான், வீடு அதற்குப் பிறகுதான். நாலு பக்கமும் கம்பி போட்டால் குளிக்கிறவன் கைதி மாதிரி தெரிவான் என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் அவரே கேம்ப் ரோட்டு வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்தார். கண்ணாடி வேலி போடலாமா என்றார் அப்பா. மாடம்பாக்கத்துப் புழுதிக்கும் காக்கா எச்சத்துக்கும் தினமும் யார் துடைப்பது என்று அம்மா கேட்டதும் அந்தப் பேச்சு உடைந்தது. வெல்டிங்காரர் தன் போனில் சேலையூர் முழுவதும் தான் போட்ட பால்கனிக் கம்பிகளைக் காட்டினார். எல்லாம் ஸ்டீல் பைப், ஏணிப்படி மாதிரி படுக்கை வாட்டத்தில். பார்க்க ஜோராகத்தான் இருந்தது, அப்பா தலையாட்டிவிட்டார். அங்கேதான் உன் தம்பி அவதரித்தான். கடைக்காரர் மாதிரிக்குக் கொண்டுவந்த துண்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, கால் வைத்து ஏறி, மேலே உட்கார்ந்து அப்பாவுக்கு டாட்டா காட்டினேன். இந்த எருமையே ஏறினால் ஆரோன் ஏறமாட்டானா என்று அம்மா கேட்டாள். அந்த எருமை என்ற பட்டத்தை வேலிக்காக நான் செய்த தியாகமாக வைத்துக்கொள். கடைசியில் நீ வாட்ஸாப்பில் அனுப்பியபடியே செய்தோம். நட்ட வாக்கில் கம்பிகள், நடுவில் கால் வைக்க ஒன்றும் கிடையாது. ஆரோன் தலை அளவு என்று நீ சொன்ன பந்து எந்த இடைவெளியிலும் நுழையவில்லை, ஒவ்வொரு இடைவெளியாக நானே வைத்துப் பார்த்தேன். உயரம் என் நெஞ்சுக்கு. கேட் வெளிப்பக்கமாகத் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் தானே இழுத்து மூடும், தாழ்ப்பாள் உச்சியில். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். கேக் வெட்டினோம். வீடியோவில் நீயும் கை தட்டினாய்.

அதுவரை எல்லாம் சரி. இனிமேல் எழுதப்போவது கம்பியின் குற்றமில்லை, கடைக்காரர் குற்றமும் இல்லை, எல்லாம் நம்முடையது என்று அம்மா சொல்கிறாள். மழைக்காலம் வந்தது. குளத்தோரம்தான் வீட்டிலேயே நல்ல வெயில் விழும் இடம், நட்ட கம்பி வேலியோ காலியாக நிற்கிறது. கம்பி என்று ஒன்று இருந்தால் அதில் துணி போடாமல் நம்மால் இருக்க முடியுமா. முதலில் அப்பாவின் ஒரு துண்டு. அப்புறம் என் யூனிஃபார்ம். ஒரு வாரத்தில் பெட்ஷீட்டெல்லாம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு பஷீராக்கா தயங்கித் தயங்கி, எங்க வூட்ல சூரியனே எட்டிப் பாக்க மாட்டேங்குது, நாலு துணி உங்க கம்பியில போட்டுக்கட்டுமா என்று கேட்டாள். நம் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வாசல் எப்போதுமே திறந்துதான் கிடக்கும். தாராளமா போடு என்றாள் அம்மா. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் குளம் தெரிய வேண்டும், அதற்காகத்தான் சுவர் வேண்டாம் கம்பி போடுங்கள் என்று நீ அவ்வளவு சொன்னாய். பெட்ஷீட் போட்ட அன்றைக்கே அது சுவராகிவிட்டது, எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இன்னொன்று, அந்த ஸ்பிரிங் கேட். விட்டால் டமால் என்று மூடும். துணி போடவும் எடுக்கவும் போக வர, அப்பாவின் மத்தியானத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் எழுந்து வந்து பழைய துணிக்கொடிக் கயிற்றை வெட்டி, கேட்டைத் திறந்த வாக்கில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சாயங்காலம் அவிழ்ப்பார். அப்புறம் சாயங்காலமும் அவிழ்ப்பது நின்றது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாள் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது, வேலி முழுக்கத் துணி. குட்டி மகள் இரமைத் தூங்கப் போட்டுவிட்டு பஷீராக்கா துணி எடுக்க வந்தவள், நம் சமையலறை வாசலில் அம்மாவோடு பேச உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் முஸ்தபா அண்ணா கடையில். அப்பா தூக்கத்தில். நான் மொட்டைமாடியில் போனோடு. எதற்கோ கீழே எட்டிப் பார்த்தேன். குளத்தின் ஆழமான பக்கத்தில் மஞ்சளாக ஒரு துணி மிதந்துகொண்டிருந்தது. காற்றில் கம்பியிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன் அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என் வாய் சும்மா இருக்குமா. பஷீராக்கா, உங்க துணி ஒண்ணு தனியா நீச்சல் கத்துக்கப் போயிருக்கு, ஃபீஸ் கட்டிட்டீங்களா என்று மேலேயிருந்து கத்தினேன். கீழே இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் பஷீராக்கா பதில் சொன்னாள்:

"மஞ்சத் துணி நான் போடவே இல்லியே எலி. பெட்ஷீட்டு மட்டும்தான் போட்டேன்."

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. இரம் அன்றைக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பஷீராக்கா குளத்துப் பக்கம் ஓடவில்லை, தன் வீட்டுப் பக்கம் ஓடினாள், பிள்ளை கட்டிலில் இருக்கிறதா என்று பார்க்க. தாய்க்கு அப்படித்தான் தோன்றும், கட்டிலில் இருக்கணும் என்றுதான் கால் ஓடும் என்கிறாள் அம்மா. நான் படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கி ஓடி, அந்த ஈர பெட்ஷீட்டுகளை விலக்கி, குதித்து, இரமைத் தூக்கினேன். ஓடி வந்த வேகத்தில் அம்மா வழுக்கி விழுந்ததில்தான் அவள் மணிக்கட்டு போனது. குழந்தை மூச்சே விடவில்லை. உதடு நாவல் பழம் தின்ற நிறத்தில் இருந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த அப்பா குழந்தையைத் தரையில் கிடத்தி, பஹ்ரைன் கம்பெனியில் கற்றுக்கொடுத்தது என்று சொல்வாரே, அப்படி நெஞ்சை அழுத்தி அழுத்தி வாயில் ஊதினார். நாம் அதைக் கேட்டு எத்தனை தடவை கேலி செய்திருக்கிறோம். தண்ணீராகக் கக்கினாள், பிறகுதான் அழுதாள். அவ்வளவு நேரமும் குளத்திலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை அக்கா. தண்ணீரில் விழுகிற குழந்தை கத்தும், கை காலை அடிக்கும் என்று நினைத்திருந்தோம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பெட்ஷீட்தான்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நுரையீரல் சரியாகிவிட்டது என்றார்கள். ஆனால் இரம் பேசுவதில்லை. வாய் ஓயாத குழந்தை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எய்யி எய்யி என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது பார்க்கிறாள், அவ்வளவுதான். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வீறிடுகிறாள் என்று குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறாளாம் பஷீராக்கா. வரும், பொறுமையாக இருங்கள் என்கிறாராம் டாக்டர். எப்போது என்று அவர் சொல்லவில்லை. முஸ்தபா அண்ணா நம்மோடு முன்போலத்தான் பேசுகிறார். பஷீராக்கா நம் பக்கத்து ஜன்னலைச் சாத்தியது சாத்தியதுதான். நடு வாசலுக்கும் பூட்டு வந்துவிட்டது. அம்மா இடது கையால் கஞ்சி வைத்து எடுத்துப் போனாள், வாங்கிக்கொண்டாள், உட்காருங்க என்று சொல்லவில்லை. அவள் மேல் தப்பில்லை, நான் அவளாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா.

அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தக் கயிற்றைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மோட்டார் போட்டுக் குளத்தைக் காலி செய்தார். மறுவாரம் பெய்த மழையில் பாதி நிறைந்துவிட்டது, பச்சையாக. மறுபடி இறைத்தார், மறுபடி பெய்தது. மண் அடித்து மூடிவிடலாம் என்கிறார். ஏஞ்சலைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று அம்மா நிறுத்தி வைத்திருக்கிறாள். காலிக் குளமும் குளம்தான் என்பது புரிந்துவிட்டதால் வேலியை ஒழுங்கு பண்ணியிருக்கிறோம். கேட் சத்தம் போடாமல் மூட ரப்பர் வைத்தாயிற்று, அதற்கு ஐந்து நிமிஷ வேலைகூட இல்லை, முதல் நாளே செய்திருக்கலாம். கம்பியில் கைக்குட்டைகூடப் போடக்கூடாது. வேலியோரம் இருந்த பூத்தொட்டிகளையும் கவிழ்த்து வைத்த வாளியையும் எடுத்துவிட்டோம், அதில் ஏறினால் உயரம் எதற்கு. துணியெல்லாம் மாடியில். அப்பா தினமும் காலையில் கேட்டை முழுசாகத் திறந்து விட்டுவிட்டு, தானே மூடுகிறதா என்று நின்று பார்க்கிறார். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறார்.

உனக்கு அம்மா சொல்லும் புத்தி ஒன்றுதான். உங்கள் ஊரில் சட்டம் இருக்கிறது, வேலி இல்லாமல் குளத்தில் தண்ணீர் விட முடியாது என்றாய், சந்தோஷம். ஆனால் உன் வேலிப் பக்கத்தில் யார் நாற்காலி போட்டார்கள், யார் கேட்டுக்கு முட்டுக் கொடுத்தார்கள் என்று சட்டம் வந்து பார்க்காது. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார். நீங்கள் வந்தால் கண்ணாரப் பார்ப்போம், வராவிட்டால் வருத்தப்படுவோம், கோபப்பட மாட்டோம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆரோன் நெற்றியில் அம்மா சார்பில் ஒரு முத்தம். வேளைக்குச் சாப்பிடு, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. டேனியல் மாமாவுக்கு எங்கள் அன்பு.

அம்மா சொன்னது இத்தோடு முடிந்தது. முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள், வாசித்தேன். நான் குதித்துத் தூக்கிய இடம் வந்தபோது மாவுக்கட்டைப் பார்த்தாள். சரி, ஒட்டிடு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒட்ட முடியவில்லை அக்கா. எலி இருக்கான்ல, அவன் நல்லா நீந்துவான், அவன் கூட இருந்தா ஆரோனைத் தைரியமா விடுவேன் என்று போன வாரம்கூடச் சொன்னாய். நான் குதிக்கவில்லை. ஓடி வந்தேன், பெட்ஷீட்டை விலக்கினேன், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வரவில்லை. குதித்தது அம்மா. அவளுக்கும் நீச்சல் தெரியாது. குளத்து ஏணிக் கம்பியில் மோதித்தான் அவள் கை உடைந்தது, உடைந்த கையால்தான் அந்தக் கவுனைப் பிடித்து இழுத்தாள். விளிம்பைப் பிடித்துப் பிடித்து அவள் வர, படியோரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். பஷீராக்கா திரும்பி வந்தபோது குழந்தை என் கையில் இருந்தது, அதனால் தெருவே நான்தான் என்று நினைத்துக்கொண்டது. முஸ்தபா அண்ணா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், அப்போதும் நான் சொல்லவில்லை, அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உனக்கு அனுப்பிய போட்டோவெல்லாம் ஆழமில்லாத பக்கத்தில் காலை ஊன்றிக்கொண்டு எடுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது அக்கா. ஆரோனைக் கூட்டி வா, வராமல் இரு, எதுவானாலும் நான் இருக்கிறேன் என்று மட்டும் நம்பி முடிவு செய்யாதே.

இப்படிக்கு,
அம்மா கனகவல்லி சொல்ல எழுதியும், அவளுக்குத் தெரியாமல் கடைசிப் பத்தியைச் சேர்த்தும்,
உன் தம்பி எலி